சொல்லாமல் போகும் மவுஸ்: கணினி கேள்வி–பதில்

கடலூர், புதுச்சேரி வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களில் டூல்பார் பொத்தான்களைப் பற்றியவை மட்டும் இந்த இதழில் ஒன்றாகத் தொகுக்கப்பட்டுள்ளன. எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்து, ஊரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறோம்.

கேள்வி: ஒரு மொத்த வியாபாரக் கடைக்காக விஷுவல் பேசிக் 6-இல் பில் போடும் மென்பொருள் எழுதிக் கொடுத்து, இன்றுவரை நானே பராமரித்து வருகிறேன். டூல்பாருக்காக ஃபார்மின் மேல் ஓரத்தில் இமேஜ் கண்ட்ரோல்களை வரிசையாக வைத்திருக்கிறேன். மவுஸ் மேலே வந்தால் அந்தந்த இமேஜின் மவுஸ்மூவ் ஈவென்ட்டில் ஒளிரும் படத்தை வைக்கிறேன். ஃபார்மின் மவுஸ்மூவ் ஈவென்ட்டில் எல்லாவற்றையும் பழைய படத்துக்கு மாற்றுகிறேன். மெதுவாக நகர்த்தினால் சரியாக இருக்கிறது. வேகமாக நகர்த்தினால் இரண்டு பொத்தான்கள் ஒரே நேரத்தில் ஒளிர்ந்தபடி நின்றுவிடுகின்றன. என்ன செய்யலாம்?
(வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்)

பதில்: மவுஸ் வந்திருப்பதைத் தெரிந்துகொள்வது எளிது, அது போய்விட்டதைத் தெரிந்துகொள்வதில்தான் இந்த வேலையின் முழுச் சிரமமும் இருக்கிறது. 1998-இல் வெளிவந்த விஷுவல் பேசிக் 6-இன் அடிப்படைக் கண்ட்ரோல்களுக்கு மவுஸ் நகர்வதைச் சொல்லும் ஈவென்ட் உண்டு, வெளியேறுவதைச் சொல்லும் ஈவென்ட் கிடையாது. நம் பக்கத்தில் விருந்தாளி ‘போய் வருகிறேன்’ என்று சொல்லாமல் படி இறங்க மாட்டார். இங்கே மவுஸ் சொல்லிக்கொள்ளாமலே போய்விடுகிறது. அதனால்தான் அது ஃபார்முக்கு வந்து சேர்ந்ததை வைத்து, பொத்தானை விட்டுப் போயிருக்க வேண்டும் என்று நீங்கள் ஊகிக்கிறீர்கள். அந்த ஊகம் தவறும் இடங்கள் இரண்டு.

முதலாவது, மவுஸ் தான் கடக்கும் ஒவ்வொரு பிக்சலையும் அறிவிப்பதில்லை. சாதாரண யுஎஸ்பி மவுஸ் விநாடிக்கு 125 முறை, அதாவது 8 மில்லி விநாடிக்கு ஒரு முறை, தன் நகர்வைக் கணினிக்குச் சொல்கிறது. கையை வீசி இழுக்கும்போது திரையில் குறி விநாடிக்கு 4000 பிக்சல் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு தகவலுக்கும் அடுத்த தகவலுக்கும் இடையில் 32 பிக்சல் தாண்டியிருக்கும். போதாததற்கு, உங்கள் நிரல் வேறு வேலையில் இருக்கும்போது விண்டோஸ் இடைப்பட்ட நகர்வுகளை ஒன்றாகச் சேர்த்து, கடைசி இடத்தை மட்டுமே கொடுக்கும். இரண்டு பொத்தான்களுக்கு நடுவே ஃபார்ம் தெரியும் இடைவெளி நான்கைந்து பிக்சல்தான் இருக்கும் என்றால், அதன் மேல் மவுஸ் நின்றதாகப் பதிவே ஆகாமல் அடுத்த பொத்தானுக்குத் தாவிவிடுகிறது. ஃபார்மின் ஈவென்ட் நடக்கவில்லை; எனவே பழைய படம் திரும்பவில்லை.

இரண்டாவது, உங்கள் வரிசை ஃபார்மின் மேல் ஓரத்தில் இருக்கிறது. அங்கிருந்து மேல்நோக்கிப் போகும் மவுஸ் நேராகத் தலைப்புப் பட்டைக்குள் நுழைகிறது. தலைப்புப் பட்டையில் நடப்பவற்றை விண்டோஸ் வேறு வகைச் செய்தியாக அனுப்புவதால், ஃபார்மின் மவுஸ்மூவ் ஈவென்ட் அப்போதும் நடக்காது.

இரண்டு பொத்தான்கள் சேர்ந்து ஒளிர்வதை இன்றே நிறுத்திவிடலாம். ‘இப்போது ஒளிர்வது எது’ என்பதை ஃபார்ம் அளவில் ஒரே ஒரு மாறியில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த இமேஜின் மேல் மவுஸ் வந்தாலும் ஒரே புரொசீஜரை அழைக்க வேண்டும். அது அந்த மாறியில் உள்ள பழைய இமேஜை முதலில் அணைத்துவிட்டு, பிறகு புதியதை ஒளிரச் செய்ய வேண்டும். ஒளிர்வைப் பொத்தானுக்குப் பொத்தான் தனியே வைத்திருக்கும் நிரல்கள்தான் இப்படி மாட்டிக்கொள்கின்றன. ஓர் இடத்தில் வைத்துவிட்டால் இரண்டு ஒளிர வழியே இல்லை.

ஆனால் மவுஸ் தலைப்புப் பட்டைக்கோ வேறு மென்பொருளுக்கோ போய்விட்டால் கடைசிப் பொத்தான் ஒளிர்ந்தபடியேதான் நிற்கும். இதற்குப் பழைய மாதிரி நிரல்கள் பலவற்றில் செட்கேப்சர் என்ற விண்டோஸ் கட்டளையைப் பயன்படுத்தியிருப்பார்கள். அது மவுஸ் செய்திகள் அனைத்தையும் ஒரே விண்டோவுக்குத் திருப்பிவிடும். என்றாலும் மவுஸ் பொத்தான் அழுத்தப்படாத நிலையில், குறி வேறொரு மென்பொருளின் விண்டோ மேல் போய்விட்டால் இந்தத் திருப்பம் செல்லாது என்பதால், நமக்குத் தேவைப்படும் நேரத்தில்தான் அது கைவிடும். விண்டோஸ் என்டி 4.0, விண்டோஸ் 98 காலத்தில் வந்த டிராக்மவுஸ்ஈவென்ட் என்ற கட்டளையே முறையான வழி: ‘இந்த விண்டோவை விட்டு மவுஸ் வெளியேறும்போது எனக்குச் சொல்’ என்று அதனிடம் கேட்டு வைக்கலாம். ஒரு முறை கேட்டால் ஒரு முறைதான் சொல்லும். மவுஸ் திரும்ப வரும்போது மறுபடி கேட்க வேண்டும். இதை மறந்தவர்களின் பொத்தான் முதல் முறை மட்டும் சரியாக அணையும்.

உங்கள் நிலையில் இந்த வழியை நான் சொல்ல மாட்டேன். இமேஜ் கண்ட்ரோலுக்குச் சொந்தமாக விண்டோ கிடையாது என்பதால் எல்லாவற்றையும் பிக்சர்பாக்ஸாக மாற்ற வேண்டும். மேலும், வெளியேறும் செய்தியைப் பிடிக்க சப்கிளாஸிங், அதாவது விண்டோவுக்கு வரும் செய்திகளை நம் நிரல் இடையில் வாங்கிப் பார்க்கும் ஏற்பாடு, செய்ய வேண்டும். சப்கிளாஸிங் நடந்துகொண்டிருக்கும்போது விபி எடிட்டரில் நிறுத்தும் பொத்தானை அழுத்தினால் எடிட்டரே சரிந்துவிடும், சேமிக்காத வரிகளும் அதோடு போய்விடும். அதற்குப் பதிலாக ஒரு டைமர் போதும். ஏதாவது ஒன்று ஒளிரும்போது மட்டும் டைமரை இயக்கி, 100 மில்லி விநாடிக்கு ஒரு முறை கெட்கர்சர்போஸ் மூலம் குறி இருக்கும் இடத்தைக் கேட்டு, ஸ்கிரீன்டூகிளையன்ட் மூலம் அதை ஃபார்முக்குள் உள்ள இடமாக மாற்றிக்கொள்ளுங்கள். அது பொத்தானுக்கு வெளியே இருந்தால் படத்தை மாற்றிவிட்டு டைமரை நிறுத்திவிடலாம். விண்டோஸ் தருவது பிக்சல் கணக்கு, உங்கள் ஃபார்மின் அளவோ ட்விப் என்ற சிறு நீள அலகின் கணக்கு. பிக்சலை ட்விப்பாக மாற்ற 15-ஆல் பெருக்கும் வழக்கம் பல நிரல்களில் இருக்கிறது. எண்ணை நேரடியாக எழுதாமல், ஸ்கிரீன் ஆப்ஜெக்டின் ட்விப்ஸ்பெர்பிக்சல்எக்ஸ், ட்விப்ஸ்பெர்பிக்சல்ஒய் மதிப்புகளைப் பயன்படுத்துங்கள்.

இவ்வளவும் இருக்கிற இமேஜ்களை வைத்துக்கொண்டு சமாளிக்கும் வழி. இரண்டு மணி நேரம் ஒதுக்க முடியுமானால், அந்த வரிசையையே நீக்கிவிட்டு, விபி6-உடன் வரும் காமன் கண்ட்ரோல்ஸ் தொகுப்பில் உள்ள டூல்பாரை வையுங்கள். அதன் ஸ்டைலை ஃபிளாட் என்று மாற்றி, சாதாரணப் படங்களை ஒரு இமேஜ்லிஸ்டிலும், ஒளிரும் படங்களை அதே வரிசையில் இன்னொன்றிலும் போட்டு, இரண்டாவதை ஹாட்இமேஜ்லிஸ்ட் என்ற பண்பில் கொடுத்துவிட்டால், மவுஸ் வருவது, போவது இரண்டையும் விண்டோஸே பார்த்துக்கொள்ளும். 1996-இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 3 வந்தபோது எல்லோரையும் கவர்ந்த அந்தத் தட்டையான பொத்தான்கள் இந்த வகையைச் சேர்ந்தவைதாம். விண்டோஸ் ஏற்கெனவே செய்து வைத்திருப்பதைக் கையால் திரும்பச் செய்வதில் பெருமை ஒன்றும் இல்லை.

கேள்வி: சி ஷார்ப்பில் பொத்தானின் நிறத்தை மவுஸ்ஹோவர் ஈவென்ட்டில் மாற்றுகிறேன். நிறம் தாமதமாக மாறுகிறது. சில நேரம் மாறுவதே இல்லை.
(கல்லூரி மாணவர், வில்லியனூர், புதுச்சேரி)

பதில்: நிறத்தை மவுஸ்என்டர் ஈவென்ட்டில் மாற்றி, மவுஸ்லீவ் ஈவென்ட்டில் திரும்ப வையுங்கள். மவுஸ்ஹோவர் என்பது மவுஸ் வந்ததைச் சொல்வதில்லை, வந்து சற்று நேரம் அசையாமல் நின்றதைச் சொல்கிறது. விண்டோஸின் வழக்கமான அமைப்பில் அந்த நேரம் 400 மில்லி விநாடி. அதுவரை குறி 4 பிக்சல் சதுரத்துக்குள் இருக்க வேண்டும். நிற்காமல் கடந்து போகும் மவுஸுக்கு அந்த ஈவென்ட் நடக்கவே நடக்காது. சிறு விளக்கம் காட்டவோ, துணை மெனுவைத் திறக்கவோ அது பொருத்தமானது.

கேள்வி: கல்லூரி புராஜெக்டுக்காக ஒரு படம் வரையும் மென்பொருள் செய்கிறேன். பேனல் ஒன்றின் மேல் இருபது பொத்தான்களை நானே வரைகிறேன். மவுஸை நகர்த்தினாலே டூல்பார் முழுவதும் மினுக்குகிறது. ஆய்வகத்தில் உள்ள பழைய கணினிகளில் இன்னும் மோசம். சி ஷார்ப் நிரலை இணைத்துள்ளேன்.
(மாணவி, லாசுப்பேட்டை, புதுச்சேரி)

பதில்: நிரலைப் பார்த்தோம். மினுக்கலுக்குக் காரணமான வரி, மவுஸ்மூவ் ஈவென்ட்டின் கடைசியில் நிபந்தனை எதுவும் இல்லாமல் நிற்கும் இன்வாலிடேட் என்ற அழைப்பு. மவுஸ் ஒரு பிக்சல் அசைந்தாலும் ‘முழுப் பேனலையும் மறுபடி வரை’ என்று அது சொல்கிறது. உடனே விண்டோஸ் முதலில் பின்னணி நிறத்தால் பேனலை அழிக்கிறது. அதன் பிறகுதான் உங்கள் இருபது பொத்தான்கள் ஒவ்வொன்றாக வரையப்படுகின்றன. அழித்ததற்கும் வரைந்ததற்கும் இடையில் உள்ள வெற்றுப் பேனலைத்தான் கண் மினுக்கலாகப் பார்க்கிறது.

மவுஸ்மூவ் ஈவென்ட்டில் முதல் வேலையாக, குறி எந்தப் பொத்தானின் மேல் இருக்கிறது என்று கண்டுபிடித்து அதன் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். எதன் மேலும் இல்லை என்றால் -1. அது முன்பு இருந்த எண்ணேதான் என்றால் எதுவும் செய்யாமல் திரும்பிவிட வேண்டும். வேறாக இருந்தால் மட்டும், பழைய பொத்தானின் செவ்வகத்தையும் புதியதன் செவ்வகத்தையும் தனித்தனியே இன்வாலிடேட் செய்யுங்கள். பேனலின் மவுஸ்லீவ் ஈவென்ட்டில் எண்ணை -1 ஆக்கிப் பழைய செவ்வகத்தை மட்டும் புதுப்பித்தால், மவுஸ் வெளியேறுவதும் சரியாகிவிடும். அடுத்து, பேனலிலிருந்து வருவித்த ஒரு கிளாஸை எழுதி, அதன் கன்ஸ்ட்ரக்டரில் டபுள்பஃபர்டு என்பதை ட்ரூ ஆக்குங்கள். அந்தப் பண்பு வெளியிலிருந்து அணுக முடியாதது என்பதால்தான் ஃபார்மிலிருந்து நீங்கள் செய்த முயற்சி பிழை காட்டியது. இதனால் ஓவியம் முதலில் நினைவகத்தில் முழுமையாகத் தயாராகி, ஒரே வீச்சில் திரைக்கு வரும்.

உங்கள் நிரலில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. பெயின்ட் ஈவென்ட்டுக்குள் ஒவ்வொரு ஐகானையும் இமேஜ்.ஃப்ரம்ஃபைல் மூலம் வட்டிலிருந்து படிக்கிறீர்கள். ஆய்வகக் கணினிகள் திணறுவதற்கு இதுதான் காரணமாக இருக்க வேண்டும். ஃபார்ம் திறக்கும்போது ஒரு முறை படித்து ஒரு அரேயில் வைத்துவிடுங்கள்.

சாதாரணம், மவுஸ் மேலே இருப்பது, அழுத்தியது, செயலற்றது என நான்கு நிலைகளையும் வரையும் திட்டம் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள்; அழுத்தும் நிலையில் ஒரு மரபைக் கவனியுங்கள். ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்தபடி மவுஸை வெளியே இழுத்து விட்டால் கட்டளை நடக்கக் கூடாது. தவறாக அழுத்தியவர் தப்பிக்கும் வழி அது. அப்படி இழுத்துக்கொண்டிருக்கும்போது வழியில் உள்ள மற்ற பொத்தான்கள் ஒளிரவும் கூடாது.

இதையெல்லாம் கற்றுக்கொள்வதற்காகவே வரைகிறீர்கள் என்றால் தொடருங்கள். மதிப்பெண்ணுக்காக மட்டும் என்றால், 2005 முதல் டாட்நெட்டில் உள்ள டூல்ஸ்டிரிப் கண்ட்ரோலை வைத்து, புரொஃபெஷனல்கலர்டேபிள் என்ற கிளாஸை வருவித்து, பட்டன்செலக்டட் என்று தொடங்கும் நிறங்களை மாற்றினாலே நீங்கள் விரும்பிய தோற்றம் வந்துவிடும்.

கேள்வி: டபிள்யூபிஎஃப்பில் (விண்டோஸ் மென்பொருள்களின் திரைகளை அமைக்கும் டாட்நெட் தொகுப்பு) பட்டன் ஸ்டைலுக்குள் இஸ்மவுஸ்ஓவர் டிரிக்கர் வைத்துப் பின்னணியை ஆரஞ்சு ஆக்கினேன். வெளிர் நீலம்தான் வருகிறது. அதே ஸ்டைல், டூல்பாருக்குள் வைத்த பட்டன்களில் வேலையே செய்யவில்லை.
(மென்பொருள் பணியாளர், முதலியார்பேட்டை, புதுச்சேரி)

பதில்: இரண்டும் வெவ்வேறு காரணங்கள். பட்டனின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் வழக்கமான டெம்ப்ளேட்டுக்குள் ஒரு பார்டர் இருக்கிறது. மவுஸ் வரும்போது டெம்ப்ளேட்டின் சொந்த டிரிக்கர் அந்தப் பார்டருக்கு நேரடியாக வெளிர் நீலத்தைப் பூசுகிறது. உங்கள் ஆரஞ்சு பட்டனுக்கு வந்து சேர்ந்தும் அதற்கு அடியில் மறைந்து போகிறது. கண்ட்ரோல் டெம்ப்ளேட்டை நீங்களே எழுதினால்தான் இது தீரும். டூல்பாருக்குள் வைக்கும் பட்டன்களுக்கோ, டூல்பார் தன்னுடைய ஸ்டைலைப் போட்டுவிடுகிறது. உங்கள் ஸ்டைலுக்கு டூல்பார்.பட்டன்ஸ்டைல்கீ என்ற சாவியைக் கொடுங்கள்.

கேள்வி: பைத்தானில் பைக்யூடி என்ற திரை அமைக்கும் தொகுப்பைக் கொண்டு எழுதுகிறேன். மவுஸ் பொத்தானை அழுத்திக்கொண்டு நகர்த்தினால்தான் மவுஸ்மூவ்ஈவென்ட் வருகிறது.
(வாசகர், நெல்லிக்குப்பம்)

பதில்: செட்மவுஸ்டிராக்கிங் என்பதை ட்ரூ ஆக்கினால் அழுத்தாமலும் வரும், க்யூடியில் அது தொடக்கத்தில் அணைந்தே இருக்கும். டூல்பார் பொத்தானுக்கு அதுவும் தேவையில்லை. க்யூடூல்பட்டனுக்கு ஸ்டைல்ஷீட்டில் ஹோவர் விதி ஒன்று எழுதினால் போதும்.

கேள்வி: பண்ருட்டியில் முந்திரி வியாபாரிகளுக்குப் பில் மென்பொருள் தருகிறேன், விண்டோஸ் ஃபார்ம்ஸில் எழுதியது. வாங்குபவரின் ஜிஎஸ்டி எண்ணைச் சரியாக நிரப்பும் வரை ‘சேமி’ பொத்தானைச் செயலற்றதாக வைத்திருக்கிறேன். ஏன் அழுத்த முடியவில்லை என்று டூல்டிப்பில் எழுதினேன்; ஆனால் செயலற்ற பொத்தானின் மேல் டூல்டிப் வருவதே இல்லை. தினமும் போனில் கேட்கிறார்கள்.
(வாசகர், பண்ருட்டி)

பதில்: விளக்கம் மிகவும் தேவைப்படும் நேரத்தில் விளக்கம் வராமல் இருப்பது விண்டோஸின் பழைய குணம். செயலற்றதாக்கப்பட்ட விண்டோவுக்கு மவுஸ் செய்திகள் போவதில்லை. அவை அதைத் தாங்கியிருக்கும் ஃபார்முக்கோ பேனலுக்கோ போகின்றன. பொத்தானுக்கு மவுஸ் வந்ததே தெரியாதபோது அதன் டூல்டிப் எப்படி வரும்? ஃபார்மின் மவுஸ்மூவ் ஈவென்ட்டில் கெட்சைல்டுஅட்பாயின்ட் மூலம் அந்த இடத்தில் எந்தக் கண்ட்ரோல் இருக்கிறது என்று பார்த்து, அது ‘சேமி’யாக இருந்து செயலற்றும் இருந்தால் டூல்டிப்பை நீங்களே காட்டலாம். பொத்தான் பேனலுக்குள் இருந்தால் பேனலின் ஈவென்ட்டில் எழுத வேண்டும். இதைவிட நல்ல வழி, அந்தப் பொத்தானை டூல்ஸ்டிரிப்பிற்கு மாற்றுவது. டூல்ஸ்டிரிப்பில் உள்ள பொத்தான்கள் தனித்தனி விண்டோக்கள் அல்ல என்பதால், செயலற்ற பொத்தானுக்கும் அது டூல்டிப் காட்டும். டபிள்யூபிஎஃப்பில் எழுதுபவர்கள் டூல்டிப்சர்வீஸ்.ஷோஆன்டிசேபிள்டு என்பதை ட்ரூ ஆக்கினால் போதும்.

டூல்டிப் வழக்கமாக அரை விநாடி கழித்துத் தோன்றி 5 விநாடியில் மறைந்துவிடும். நீங்கள் அனுப்பிய இரண்டு வரி விளக்கத்தை அதற்குள் ஒருவர் படித்து முடிப்பது கடினம். ஆட்டோபாப்டிலே மதிப்பை 20000 ஆக்குங்கள். வாசகத்தையும் சுருக்க வேண்டும். ‘தகவல் முழுமையாக இல்லை’ என்பது யாருக்கும் உதவாது. ‘ஜிஎஸ்டி எண்ணில் 13 எழுத்துகளே உள்ளன, 15 வேண்டும்’ என்று காட்டுங்கள். உங்கள் வியாபாரிகள் புதுச்சேரிக்கும் சரக்கு அனுப்புவார்கள். தமிழ்நாட்டு எண்கள் 33 என்றும் புதுச்சேரி எண்கள் 34 என்றும் தொடங்கும் என்பதால், முதல் இரண்டு இலக்கங்கள் முகவரியோடு பொருந்தாதபோதும் அதே இடத்தில் அதைச் சொல்லிவிடலாம்.

இருந்தாலும், என்னைக் கேட்டால் அந்தப் பொத்தானைச் செயலற்றதாக்க வேண்டாம். அழுத்த விடுங்கள், அழுத்தியதும் குறையுள்ள கட்டத்துக்குக் கர்சரைக் கொண்டுபோய் நிறுத்தி, பக்கத்திலேயே சிவப்பு எழுத்தில் காரணத்தைக் காட்டுங்கள். பில் போடுபவர்களில் பலர் கீபோர்டை விட்டுக் கையை எடுப்பதே இல்லை. மவுஸ் மேலே வந்தால்தான் தெரியும் விளக்கம் அவர்களைச் சென்று சேராது.

கேள்வி: மீன் ஏலக் கணக்குக்கான எங்கள் மென்பொருளை இப்போது தொடுதிரைக் கணினியில் ஓட்டுகிறோம். டூல்பாரில் ஐகான்கள் மட்டுமே உள்ளன, மவுஸ் வந்தால் பெயர் தெரியும். தொடுதிரையில் பெயர் தெரிவதில்லை. தொட்டு முடித்த பொத்தான் ஒளிர்ந்தபடியே நிற்கிறது. எப்படிச் சரிசெய்வது?
(வாசகர், கடலூர் முதுநகர்)

பதில்: மவுஸ் குறி திரையின் மேல் சும்மா உலவும், விரலுக்கு அப்படியொரு நிலை இல்லை, படுகிறது அல்லது படவில்லை. பழைய மென்பொருள்களுக்காக விண்டோஸ் விரலின் தொடுகையை மவுஸ் நகர்வாகவும் அழுத்தலாகவும் மாற்றிக் கொடுக்கிறது. விரலை எடுத்த பிறகும் அதன் கணக்கில் குறி அந்த இடத்திலேயே நிற்பதால், வெளியேறும் செய்தி வருவதில்லை, பொத்தானும் அணைவதில்லை. பொத்தானின் வேலை முடிந்ததும், கடைசியாக வந்தது தொடுகை என்றால், ஒளிர்வை நீங்களே அணைத்துவிடுங்கள்.

பெயர்களை ஐகானுக்குக் கீழே நிரந்தரமாக எழுதிவிட வேண்டியதுதான். ‘ஏலம்’, ‘எடை’, ‘பாக்கி’ என்று ஒரே சொல்லாக வைத்தால் அகலம் அதிகம் போகாது. ஈரக் கையோடு தொடுபவர்களுக்குத் திரை சரியான இடத்தைக் காட்டாமல் போவதும் உண்டு என்பதால், பொத்தான்களைப் பெரிதாக்கி, ‘சேமி’யையும் ‘அழி’யையும் டூல்பாரின் இரு கோடிகளில் வையுங்கள். ஒளிர்வை நீக்க வேண்டியதில்லை. அலுவலக அறையில் மவுஸோடு அதே மென்பொருளைப் பயன்படுத்தும் கணக்கருக்கு அது உதவும்.